தொண்ணூற்றொன்பதரைக்குள் நம் பிள்ளைகள் எங்கே?

மே மாதம் பிறந்து பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் தோப்பும்படி முதல் கப்பலண்டி முக்கு வரை பேனர் தொங்காத சுவர் கிடையாது. பள்ளிக்கூடத்தின் பெயர், பெரிய எழுத்தில் நூறு சதவிகிதம், கீழே எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். அந்தப் படங்களில் ஒன்றிரண்டு நம் தமிழ்ப் பிள்ளைகளாக இருந்துவிட்டால், பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் தோழர்கள் அன்றைக்கு டீக்கடையில் மற்றவர்களுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கட்டும். உழைக்கிறவன் வீட்டுப் பிள்ளை படத்தில் வருவது சின்ன விஷயமல்ல. ஆனால் பேனரில் படம் வராத பிள்ளைகளைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். அவர்களும் பாஸ்தான். பேச வேண்டியதும் அந்தப் பாஸைப் பற்றித்தான்.

2025 மே மாதம் வெளியான எஸ்.எஸ்.எல்.சி. முடிவை எடுத்துக்கொள்வோம். கேரளம் முழுவதும் ரெகுலராகப் பரீட்சை எழுதியவர்கள் 4,26,697 பேர். தேறியவர்கள் 4,24,583 பேர். 99.5 சதவிகிதம். அதற்கு முந்தைய ஆண்டு 99.69. அதற்கும் முந்தைய 2023இல் 99.70. மட்டாஞ்சேரி உபஜில்லாவில் ஒரு பள்ளி நூறு எடுத்தது என்றால் அது அதிசயமில்லை. எடுக்காமல் விட்டால்தான் அதிசயம். நம்மில் நாற்பது வயது தாண்டியவர்கள் பரீட்சை எழுதிய காலத்தில் கேரளத்தில் அறுநூறு மார்க்குக்கு 210 எடுத்தால் பாஸ். அந்த 210ஐத் தொட முடியாமல் எத்தனை பேர் வீட்டோடு நின்றார்கள் என்று நமக்குத் தெரியும். 2005இல் மார்க் போய் கிரேடு வந்தது. தோற்றவன் என்ற முத்திரை பிள்ளைகளின் நெற்றியிலிருந்து அகன்றது. அதை நாம் வரவேற்றோம். இன்றும் அந்தப் பழைய முறை திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2023இல் 99.70 சதவிகிதம் தேறிய அதே பிள்ளைகள்தான் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்து 2025 மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுதினார்கள். அங்கே தேறியவர்கள் 77.81 சதவிகிதம். ஏறத்தாழ 82,000 பேர் விழுந்தார்கள். 2022இல் பத்தாவதில் 99.26; அவர்கள் 2024இல் பிளஸ் டூ எழுதியபோது 78.69. இரண்டே வருஷத்தில் ஐந்தில் ஒரு பிள்ளை எங்கே போயிற்று? இரண்டு வருஷத்தில் மூளை மழுங்கிவிட்டதா? இல்லை, தோழர்களே. பத்தாம் வகுப்பில் தெரியாமல் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பில் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒரு வண்டி வழியெல்லாம் தாமதமாக வந்தாலும் கடைசி நிலையத்தில் சரியான நேரத்துக்கு வந்துசேர்ந்ததாகப் பதிவாவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி இரண்டு நிலையங்களுக்கு நடுவே, இருபது நிமிஷ ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் என்று அட்டவணையிலேயே போட்டு வைத்திருப்பார்கள். வழியில் இழந்த நேரமெல்லாம் அங்கே காகிதத்தில் சரியாகிவிடும். நடுவழியில் இறங்க வேண்டிய பிரயாணிக்குத்தான் நஷ்டம். பத்தாம் வகுப்பிலும் அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. நூறு மார்க் பாடத்தில் எழுத்துப் பரீட்சைக்கு 80, வகுப்பிலேயே ஆசிரியர் போடும் தொடர் மதிப்பீட்டுக்கு 20. தேற இரண்டும் சேர்ந்து 30 போதும். அந்த 20ஐ முழுதாகப் போட்டுவிட்டால் மீதி எழுத்துப் பரீட்சையில் 80க்கு 10 எடுத்தால் கதை முடிந்தது. ஐம்பது மார்க் பாடத்தில் 40க்கு 5. பிளஸ் டூவில் அப்படி இல்லை. எழுத்துப் பரீட்சையில் தனியாக முப்பது சதவிகிதம் வாங்கியாக வேண்டும். 99 அங்கே 77 ஆனதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

நம் சங்கத்துத் தோழர் ஒருவரின் மகன் விஷயத்தில் இதை நேரிலேயே பார்த்தோம். பையன் பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறி டி பிளஸ். பள்ளிக்கு நூறு சதவிகிதம். சர்டிபிகேட்டில் உயர்கல்விக்குத் தகுதி என்றே இருந்தது. சயின்ஸ் குரூப்பில் இடம் கிடைத்தது என்று தகப்பனாருக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மூன்று பாடத்தில் போய்விட்டது. அந்தச் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தவர் கேட்டார்: "அண்ணே, பாஸ்னுதானே போட்டிருக்கு? அப்புறம் எப்படி இவனுக்கு ஒண்ணுமே தெரியலேங்கிறாங்க?" நமக்குப் பதில் வரவில்லை. பையனை உட்காரவைத்து ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பாராவை வாசிக்கச் சொன்னோம். நான்கு வரி தாண்டுவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. மலையாளத்தில் பேசு என்றால் கொச்சிக்காரனாகவே பேசுகிறான்.

இப்படி நாம் மட்டும் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் கேரளத்தின் பொதுக்கல்வி இயக்குநரே ஆசிரியர்கள் கூட்டமொன்றில், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் ஏ பிளஸ் கொடுக்கப்படுகிறது என்று மனம் நொந்து பேசியது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அது அரசின் கருத்தல்ல என்று அமைச்சர் சிவன்குட்டி மறுத்தார். மறுத்தவர்களே அடுத்த ஆண்டு 2024 ஆகஸ்டில் அமைச்சரவையில் ஒரு முடிவு எடுத்தார்கள்: இனி எழுத்துப் பரீட்சையில் ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகக் குறைந்தது முப்பது சதவிகிதம். 2024-25இல் எட்டாம் வகுப்புக்கு, அடுத்த ஆண்டு ஒன்பதுக்கு, 2026-27இல் பத்தாம் வகுப்புக்கு. அதாவது 80க்கு 24, 40க்கு 12. அந்த இருபது மார்க் மெத்தை இனி கீழே இருக்காது.

இந்த முடிவை எதிர்த்தவர்கள் உண்டு. சாஸ்திர சாகித்ய பரிஷத் போன்ற மதிப்புக்குரிய இயக்கம் எதிர்த்தது. வடிகட்டினால் முதலில் கீழே விழுவது ஏழைப் பிள்ளைகளும் மலைவாழ் பிள்ளைகளும்தான் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நாம் தள்ளவில்லை. விழப்போகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனாலும் நாம் இந்த விதியை ஆதரிக்கிறோம், யோசித்துத்தான் ஆதரிக்கிறோம். பொய்யான பாஸ் பணக்காரனுக்குத் தீங்கு செய்யாது. அவன் ஐந்தாம் வகுப்பிலிருந்தே ட்யூஷன் வைத்திருக்கிறான். பள்ளிக்கூடம் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் நமக்குத்தான், பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்பதைப் பதினைந்து வயதுவரை மறைத்து வைக்கிறார்கள். தெரிய வேண்டிய நேரம் எட்டாம் வகுப்பு என்றால் எட்டாம் வகுப்பிலேயே தெரியட்டும். தெரிந்த பிறகு சர்க்கார் என்ன செய்கிறது, நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் சண்டை இருக்கிறது.

கேரளத்துப் பள்ளிக்கூடங்களே மோசம் என்று யாரும் இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். 2024 டிசம்பரில் நாடு முழுவதும் நடந்த பரக் ஆய்வில் கேரளம் முன்வரிசையில் நின்றது. ரிசல்ட்டைக் காட்டி, "பேசாமல் பிள்ளையை ஊரில் ஆச்சியிடம் விட்டுப் படிக்க வைக்கிறோம்" என்று சில குடும்பங்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2025இல் பத்தாவதில் 93.80, பிளஸ் டூவில் 95.03. அங்கே முதல் வாசலில் கொஞ்சம் நெருக்கல், இரண்டாவது வாசலில் இல்லை. இங்கே தலைகீழ். தாயையும் தகப்பனையும் பிரிந்து பிள்ளை வளர்வதற்கு இந்த வித்தியாசம் போதிய காரணமாக நமக்குத் தோன்றவில்லை.

முதல் தடவையாக 2025 வசந்தத்தில் எட்டாம் வகுப்பு ரிசல்ட் புதிய விதிப்படி வந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை ஏதாவது ஒரு பாடத்திலாவது முப்பதைத் தொடவில்லை. பிளஸ் டூவில் விழுந்ததும் ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நான்கு வருஷம் முன்னாலேயே அந்தப் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிட்டார்கள். அவர்களை வகுப்பில் நிறுத்தி வைக்கவில்லை. ஏப்ரல் 8 முதல் 24 வரை தனி வகுப்பு வைத்து, பிறகு மறுபரீட்சை நடத்தி, எப்படியானாலும் ஒன்பதுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தேதியைப் பாருங்கள், தோழர்களே. ஏப்ரல் 8 முதல் 24!

அந்த நாட்களில் நம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று ரிசர்வேஷன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மைக் கேளுங்கள். அறுபது நாள் முன்னதாக டிக்கெட் எடுக்கலாம் என்பதால் பிப்ரவரியிலேயே வரிசை நிற்கிறது. வாத்துருத்தியிலிருந்து ஒரு கூட்டம், சுள்ளிக்கலிலிருந்து ஒரு கூட்டம். மார்ச் கடைசியில் பரீட்சை முடிகிற அன்று ராத்திரி வண்டிக்கே கேட்கிறார்கள். காரைக்கால் வண்டியில், பழைய ஆட்கள் டீ கார்டன் என்று சொல்வார்களே அந்த வண்டியில், ஏப்ரல் முதல் வாரம் ஏறினால் பாதி முகம் நமக்குத் தெரிந்த முகமாக இருக்கும். சித்திரைத் திருவிழா, குலதெய்வத்துக்குப் பொங்கல், மொட்டை, காதுகுத்து, ஒரு கல்யாணம். வருஷம் முழுவதும் பிறத்தியார் ஊரில் உழைத்தவர்கள் இரண்டு மாதம் சொந்த மண்ணை மிதிக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது, நாமும் போகிறவர்கள்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்காகத் தனி வகுப்பு வைத்தார்களோ அந்தப் பிள்ளை அந்நேரம் கிராமத்துக் கண்மாயில் குளித்துக்கொண்டிருக்கிறது. பள்ளியிலிருந்து வந்த போன் தகப்பனாருக்கு வந்திருக்கும். கல்யாண வீட்டு மைக் செட்டில் யாருக்குக் காது கேட்கும்? ரிஜிஸ்டரில் வரவில்லை என்று ஒரு கோடு. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று ஒரு குறிப்பு. முடிந்தது.

இனி மொழி விஷயத்துக்கு வருவோம்.

வடக்கிலிருந்து வந்த வங்காள, ஒடியா, ஹிந்திப் பிள்ளைகளுக்காக எறணாகுளம் ஜில்லா நிர்வாகம் 2017இல் ரோஷ்ணி என்ற திட்டத்தைத் தொடங்கியது. பினானிபுரம் சர்க்கார் பள்ளியில் பிறந்த யோசனை அது. பிள்ளையின் வீட்டு மொழி தெரிந்த ஒருவரை வகுப்பில் வைத்து, அந்த மொழி வழியாக மலையாளத்துக்கு அழைத்து வருவது. அருமையான காரியம். நம் பிள்ளைகளை ஏன் யாரும் அப்படி நினைக்கவில்லை? நம் பிள்ளைகள் மலையாளம் பேசுகிறார்கள் என்பதால்தான். சந்தையில் பேசுகிறார்கள், மைதானத்தில் பேசுகிறார்கள், சண்டையும் அதிலேயே போடுகிறார்கள். பேசத் தெரிந்தவனுக்கு எழுதவும் தெரியும் என்று ஆசிரியர் நினைத்துவிடுகிறார். நாமோ ஒரே ஒரு 'க'வை வைத்துக்கொண்டு காலமெல்லாம் குடும்பம் நடத்துகிறவர்கள். மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு எழுத்து நிற்கிறது. 'ச'வுக்கும் 'ட'வுக்கும் 'த'வுக்கும் 'ப'வுக்கும் அப்படியே. நம் பிள்ளை காதில் விழுந்ததை நமக்குத் தெரிந்த ஒரே எழுத்தில் போடுகிறது. வரிக்கு வரி சிவப்பு மை. பாடமோ பல பள்ளிகளில் ஆங்கில மீடியம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒன்று, புத்தகத்தில் மூன்றாவது. மூன்றிலும் கால் கால் கிணறு தாண்டிய பிள்ளை சயின்ஸ் கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள் மணி அடித்துவிடுகிறது.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மீடியத்திலும் அச்சாகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ் மீடியம் பாடப்புத்தகங்களைச் சர்க்காரே போடுகிறது. முதல் மொழியாகத் தமிழை எடுத்துப் பரீட்சை எழுதலாம். 2020இல் கொரோனா அடைப்பின்போது பள்ளிகளுக்குப் பதிலாக நடந்த ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தமிழிலும் வந்தன. மூணாறு, பீர்மேடு, சிற்றூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வாடிக்கை. திருவனந்தபுரம் சாலையில் சர்க்கார் தமிழ்ப் பள்ளியே இருக்கிறது. மட்டாஞ்சேரியில் குஜராத்திகளுக்கு ஒரு வித்யாலயம், கொங்கணி சமூகம் நடத்தும் டி.டி. பள்ளி என்று ஒவ்வொரு கூட்டமும் தன் பிள்ளைகளுக்கு ஒரு கூரை போட்டுக்கொண்டது. அவர்கள் வியாபாரிகள், கட்டினார்கள். வண்ணார் சமூகத்துப் பெரியவர்கள் டச்சுக்காரன் காலத்திலிருந்து இந்த மண்ணில் துணி வெளுக்கிறார்கள். வெளியில் அவர்களுக்கு டோபி கானா கட்டிடம் எழும்பியதே 1976இல்தான். நம்மவர்களின் கைக்காசில் பள்ளிக்கூடம் எழும்பும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. நாம் கேட்க வேண்டியது கட்டிடமல்ல, ஓர் ஆசிரியர்.

அதற்குச் சட்டம் இருக்கிறதா என்றால், அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டியது மாநிலத்தின் கடமை என்று 1956இல் சேர்த்தார்கள். அதற்கும் முன்னால் 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஓர் எண்ணிக்கையை ஒப்புக்கொண்டார்கள்: பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் அந்த மொழிக்கு ஓர் ஆசிரியர். பத்தே பத்து! இது தேவிகுளத்துக்கும் சிற்றூருக்கும்தான் பொருந்தும், கொச்சிக்கு இல்லை என்று அதிகாரி சொல்லலாம். பத்துப் பிள்ளை என்ற கணக்கு எந்தத் தாலுகா என்று பார்த்துப் போட்ட கணக்கல்ல என்பதே நம் பதில். ஆனால் இந்தப் பதிலைச் சொல்ல முதலில் பத்துப் பெயரைக் கையில் வைத்திருக்க வேண்டும். நம் கையில் இருக்கிறதா? இல்லை. ஒரு பள்ளியில் நாலு, அடுத்ததில் ஆறு என்று சிதறிக் கிடக்கிறோம். கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தார், நானும் சேர்த்தேன் என்கிறோம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கே சேர்த்தார் என்பதைக்கூடப் பல சமயம் சரியாகக் கேட்டிருக்க மாட்டோம்.

"தமிழ் படிச்சு என்னண்ணே ஆகப்போகுது, இங்கிலீஷ் படிக்கட்டும்" என்று சொல்லும் சகோதரிகளின் ஆதங்கம் நமக்குப் புரிகிறது. வீட்டு வேலைக்குப் போகும் வீடுகளில் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். இங்கிலீஷை விடச் சொல்லி நாம் எழுதவில்லை. மலையாளத்தையும் விட முடியாது. 2017இல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கட்டாயம். இருக்கிற மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது பிள்ளை தடங்கலில்லாமல் வாசிக்க வேண்டும். வீட்டில் பேசும் மொழியில் அது சீக்கிரம் வரும். ஒன்றில் வந்துவிட்டால் மற்றதற்குப் பாதை திறந்துவிடும். நாம் மெட்ரிக் மட்டுமே படித்தவர்கள். பெரிய சாஸ்திரம் தெரியாது. இரவில் சங்க அறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் கண்டதைச் சொல்கிறோம்.

இன்னொரு விஷயமும் நம் காதில் விழுகிறது. ஏன் வம்பு, வந்த இடத்தில் தலை குனிந்து பிழைத்துப் போவோம் என்று. பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். இங்கேதான் ரேஷன் கார்டு, இங்கேதான் ஓட்டு. பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். தகப்பன் போக முடியாவிட்டால் தாய் போகட்டும், இருவரும் முடியாவிட்டால் சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார். போய்க் கேட்க வேண்டியது பிள்ளை பாஸா என்று அல்ல. எழுத்துப் பரீட்சையில் எந்தப் பாடத்தில் எத்தனை, விடைத்தாளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். 80க்கு 24 என்பதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்கிற தகப்பனை எந்த ஆசிரியரும் வெறுப்பதில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்க ஓர் ஆள் வந்ததே என்று நிம்மதியடைகிறார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சர்க்காரிடம் நாம் வைக்கும் கோரிக்கை சிக்கனமானது. ஏப்ரலில் நடக்கும் தனி வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்கு ஜூனில் பள்ளி திறந்ததும் இரண்டு வாரம் அதே வகுப்பைத் திரும்ப நடத்துங்கள். மட்டாஞ்சேரி உபஜில்லாவின் ரிசல்ட்டைப் போடும்போது வீட்டு மொழி வாரியாகவும் ஒரு கணக்குப் போட்டு வெளியிடுங்கள். எந்தப் பிள்ளைகள் எங்கே பின்தங்குகிறார்கள் என்று ஊருக்கே தெரியட்டும். பத்துப் பிள்ளை இருக்கும் இடத்தில் தமிழ் ஆசிரியர் போடுங்கள்.

இனி நம் பங்கு. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. ஜூன் பதினைந்துக்குப் பிறகு ஊரிலிருந்து சாவகாசமாக வந்து இறங்கும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. திரும்பும் டிக்கெட்டை மே கடைசி வாரத்துக்கே எடுங்கள். மார்ச்சில் ஜன்னலுக்கு வந்தால் கிடைக்கும், மே மாதம் வந்து நின்றால் வெயிட்டிங் லிஸ்டைத்தான் நம்மால் கொடுக்க முடியும். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகள் ஏப்ரல் 24 தாண்டிப் புறப்பட முடியுமா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு ஒருவர் போய் வந்தாலும் மொய் மொய்தான். ஒவ்வொரு ஞாயிறு காலையும் பத்து மணிக்குச் சங்க அறையில் ஒரு நோட்டு திறந்திருக்கும். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, கடைசிப் பரீட்சையின் எழுத்து மார்க், இவ்வளவு போதும். மார்க் குறைவென்று கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். எந்தப் பள்ளியில் ஒரு வகுப்பில் பத்துப் பெயர் சேருகிறதோ, அந்தப் பள்ளிக்குத்தான் நம் முதல் மனு.